பயனில்சொல் யாது?



இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பௌர்ணமி மாலையில், திரிசரணமும் பஞ்சசீலமும் சொல்லி முடிந்தபின், நம் கோலார் தங்கவயல் வாலிபர் ஒருவர் எழுந்து என்னை ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, பகவன் வகுத்த எண்வகை மார்க்கத்தில் நல்வாய்மை மூன்றாம் அங்கம். பொய், குறளை, கடுஞ்சொல், பயனில்சொல் ஆகிய நான்கினையும் விலக்குவதே நல்வாய்மை என்று தாங்களே போதித்திருக்கிறீர்கள். நம் பெரியவர்களோ நாள்தோறும் காலையில் தேநீர்க் கடையின் வேப்பமரத்தடியில் கூடி, நேற்று என்ன குழம்பு, இன்று என்ன குளிர், யாருக்கு முழங்கால் வலி என்று ஒரு மணி நேரம் பேசிக் கழிக்கிறார்கள். சீலம் எடுத்துக்கொண்டவர்களுக்கு இது தகுமா? பயனில்சொல் என்பது இதுதான் அன்றோ?"

கேள்வி நியாயமானதாகவே எனக்குத் தோன்றிற்று. மணிமேகலை சொல்லில் தோன்றும் தீமைகளை இந்நான்கு பெயர்களாலேயே வகுத்துக் காட்டுகிறது. பயனில சொல்லாமை என்று வள்ளுவரும் தனி அதிகாரமே வகுத்தார். ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பொருளையே எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கண்டித்துப் பேசினேன். முதுமை என்பது கையிலிருக்கும் கடைசிக் காசு. அதைக் குழம்பின் சுவையிலும் குளிரின் அளவிலும் செலவிடுவது பேதைமை என்றேன். மரத்தடியினர் அறுவர் முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தனர். அவர்கள் தலைகுனிந்ததை நான் என் பிரசங்கத்தின் வெற்றியாகக் கொண்டேன்.

அந்தப் பிரசங்கத்தில் நான் செய்த பிழையைச் சொல்லவும், அப்பிழையினால் கற்றுக்கொண்டதைச் சொல்லவுமே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

நடந்தது

அறுவரும் எழுபது வயதைத் தாண்டியவர்கள், சுரங்கத்தில் உழைத்தவர்கள். 1880 முதல் ஏறத்தாழ 120 ஆண்டுகள் நம் மக்களின் உழைப்பையும் உயிரையும் உண்ட சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அதன்பின் இவ்வூரில் தொழில் இல்லை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் விடியற்காலை இரயிலில் பெங்களூருக்குச் சென்று இரவில் திரும்புகிறார்கள். சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். பகற்பொழுதில் லைன் வீடுகளில் இருப்பவர்கள் முதியோரே. அவர்களில் சிலர் தனியர்.

என் பிரசங்கத்தை அந்த முதியோர் மதித்தனர். ஒருவர் பின் ஒருவராக மரத்தடிக்கு வருவதை நிறுத்தினர். ஒரு மாதத்தில் அந்தப் பெஞ்சு வெறுமையாயிற்று. அவர்கள் தம் வீட்டில் அமர்ந்து தம்மபதம் வாசிக்கிறார்கள் என்று நான் எண்ணினேன். உண்மையில் அறுவரில் இருவருக்கு வாசிக்கத் தெரியாது; மற்றவருக்குக் கண் தெரியாது. இதைக்கூட நான் விசாரித்தறியவில்லை.

அவர்களில் மூத்தவர் மனைவியை இழந்தவர்; மகன் பெங்களூரில் இருக்கிறார். ஒரு நாள் இரவு அவர் புறக்கடையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து எழ முடியவில்லை. கூப்பிட்டார், நெஞ்சில் சுரங்கத் தூசு படிந்தவருக்குக் குரல் ஏது? மறுநாள் பகல் இரண்டு மணிக்கு, பக்கத்து வீட்டு அம்மையார் துணி உலர்த்த வந்தபோதுதான் அவரைக் கண்டார்.

மருத்துவமனையில் நான் அவரைப் பார்க்கச் சென்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, நீங்கள் போதித்ததில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் முன்பெல்லாம் நான் ஏழு மணிக்கு மரத்தடியில் இல்லையென்றால், ஏழே காலுக்கு எவனாவது வந்து என் கதவைத் தட்டுவான். அன்றைக்கு விடிந்ததும் அந்தத் தட்டும் சத்தத்துக்காகத்தான் காத்துக் கிடந்தேன். பிறகுதான் நினைவு வந்தது, நாம் பேச்சை நிறுத்திவிட்டோம் என்று."

அவர் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். எனினும் அன்று முதல் என் மனம் அமைதியிழந்தது. சீலத்தின் பெயரால் நான் சொன்ன சொல், ஒரு மனிதரைப் பதினைந்து மணி நேரம் ஈரத்தரையில் கிடத்திற்று. பயனில்சொல்லை நான் கண்டித்தேன். ஆனால் என் சொல்லின் பயன் யாது? இக்கேள்வியோடு மீண்டும் சூத்திரங்களை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன்.

எளிதாகத் தப்பும் வழி

முதலில் ஓர் எளிய சமாதானம் எனக்குத் தென்பட்டது. அரசர் கதை, கள்வர் கதை, சோற்றுக் கதை, ஆடைக் கதை, உறவினர் கதை, ஊர்க் கதை, வீதிக் கதை, கிணற்றடிக் கதை என்று பலவகைப் பேச்சுக்களைப் பகவன் விலக்கியது பிக்குகளுக்கே அன்றி இல்லறத்தார்க்கு அன்று. பிக்குகள் கூடினால் தம்மத்தைப் பேசுக, அன்றேல் மௌனமாயிருக்க என்பது துறவோர்க்குரிய விதி. நமக்கு அதில் பங்கில்லை என்பதே அந்தச் சமாதானம்.

இது பாதி உண்மை. அந்தப் பட்டியல் துறவோர்க்கு உரியதே. ஆயினும் பயனில்சொல் இல்லறத்தார்க்கும் விலக்கப்பட்டுள்ளது. மஜ்ஜிம நிகாயத்துச் சாலேய்யக சூத்திரத்தில், சாலை என்னும் கோசல நாட்டு ஊரின் இல்லறத்தார் பகவனை அடுத்து, மாந்தர் நற்கதியும் தீக்கதியும் அடைவது எதனால் என்று கேட்கின்றனர். பகவன் உடலால் மூன்று, சொல்லால் நான்கு, மனத்தால் மூன்று எனத் தீவினை பத்தினை எடுத்துரைக்கின்றார். சொல்லால் வரும் நான்கில் இறுதியானது பயனில்சொல். எனவே தப்பிச் செல்ல வழியில்லை.

ஆனால் அதே சூத்திரத்தை நான் மும்முறை வாசித்தபோது, முன் காணாத ஒன்று கண்ணில் பட்டது. இல்லறத்தார்க்குப் பயனில்சொல் இன்னது என்று விளக்கும்போது பகவன் எந்தப் பொருளையும் பட்டியலிடவில்லை. சோற்றைப் பேசாதே, ஊரைப் பேசாதே என்று சொல்லவில்லை. காலமல்லாக் காலத்தில் பேசுவது, இல்லாததைப் பேசுவது, நன்மை தராததைப் பேசுவது, தம்மத்திற்கு மாறானதைப் பேசுவது, அளவும் காரணமும் இன்றிப் பேசுவது, நெஞ்சில் வைத்துப் போற்றத் தகாததைப் பேசுவது ஆகியவற்றையே பயனில்சொல் என்கிறார். அஃதாவது எதைப் பற்றிப் பேசினாய் என்பது அங்கே அளவுகோல் அன்று. எப்போது, எவ்வளவு, எந்த மனத்தோடு, என்ன பயன் விளையும்படி பேசினாய் என்பதே அளவுகோல். நானோ பொருளைக் கொண்டு அளந்தேன். குழம்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் குற்றம் என்று தீர்ப்பளித்தேன்.

குழம்பைப் பற்றிய பேச்சும் பயனுடையதாகலாம் என்பதற்குச் சம்யுத்த நிகாயத்திலேயே சான்று உண்டு. கோசல மன்னன் பசேனதி மிகுதியாக உண்டு, மூச்சு வாங்க வந்து பகவன் அருகே அமர்கின்றான். பகவன் அவனுக்கு நிர்வாணத்தை உபதேசிக்கவில்லை. அளவறிந்து உண்பவனுக்கு நோவு குறையும் என்று சொல்கின்றார். மன்னனும் அதைக் கைக்கொண்டு, சிறிது சிறிதாக உணவைக் குறைத்து, உடல் நலம் பெறுகின்றான். சோற்றைப் பற்றிய பேச்சே அது. அது பயனில்சொல் ஆகுமா?

பகவன் முதலில் கேட்ட கேள்வி

இனி என் பிழையின் வேரைக் காட்டிய சூத்திரத்திற்கு வருகிறேன். அது சூளகோசிங்க சூத்திரம். அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் ஆகிய மூன்று பிக்குகள் கோசிங்க சாலவனத்தில் ஒன்றாக வாழ்கின்றனர். ஒரு மாலையில் பகவன் தனியே அவர்களிடம் செல்கின்றார். அவர்கள் எழுந்து வந்து, ஒருவர் பாத்திரத்தை வாங்க, ஒருவர் இருக்கை இட, ஒருவர் கால் கழுவ நீர் வைக்கின்றனர். அமர்ந்ததும் பகவன் கேட்கும் முதற்கேள்வி யாது? தியானத்தில் எவ்வளவு முன்னேறினீர்கள் என்பதா? அன்று. உடல் நலமா, தாங்கக்கூடியதாய் இருக்கிறதா, உணவு கிடைப்பதில் துன்பம் இல்லையே என்பதே முதற்கேள்வி.

அவர்கள் நலமே என்றபின் இரண்டாம் கேள்வி: பாலும் நீரும் போல் ஒன்றுபட்டு, ஒருவரையொருவர் அன்புக் கண்ணால் நோக்கி வாழ்கின்றீர்களா? அதற்கும் விடை பெற்ற பின்னரே மூன்றாம் கேள்வி: சோர்வின்றி, ஊக்கத்தோடு முயல்கின்றீர்களா?

முதலில் உடல், அடுத்து உறவு, அதன்பின் முயற்சி. சோறு கிடைக்கிறதா என்பதைக் கேட்காமல் ஞானம் கிடைத்ததா என்று பகவன் கேட்கவில்லை. இந்த வரிசையை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். முதற்கேள்வியை வெறும் உபசாரம் என்று தாண்டிச் சென்றிருக்கிறேன். மரத்தடியில் நம் முதியோர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதும் அதே முதற்கேள்வியே. "என்னப்பா, தூங்கினாயா? இருமல் எப்படி? என்ன சாப்பிட்டாய்?" இதைத்தான் நான் பேதைமை என்றேன். முதற்கேள்வியையும் இரண்டாம் கேள்வியையும் விட்டுவிட்டு மூன்றாம் கேள்வியோடு அவர்கள்முன் நின்றேன். என் போதனையில் சூத்திரம் இருந்தது, மைத்திரி இல்லை.

அம்மூன்று பிக்குகளும் பேச்சைப் பெருக்குபவர்கள் அல்லர் என்பதையும் மறைக்கலாகாது. வெறுமையான நீர்க்குடத்தை யார் காண்கிறாரோ அவர் நிரப்புவார், தனியே தூக்க இயலாவிடின் கையசைத்து மற்றவரை அழைப்பார், வாய் திறவார். ஐந்து நாட்களுக்கு ஒருமுறை இரவு முழுதும் தம்மம் பேசுவார்கள். இதை வாசிக்கும்போது எனக்கு நான் வேலை செய்த நெசவாலை நினைவுக்கு வரும். தறிக்கூடத்தின் இரைச்சலில் பேச்சு கேளாது. இழை அறுந்ததைக் கையால் காட்டுவோம். மேஸ்திரி வருவதைக் கண்ணால் சொல்வோம். உதட்டசைவைக் கொண்டே ஒருவர் சொல்வதை மற்றவர் அறிவோம். எட்டு மணி நேரம் அங்ஙனம் கழித்து வாயிலுக்கு வெளியே வந்ததும் முதலில் எழும் பேச்சு, "தலைவலி விட்டதா? பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி?" என்பதே. உள்ளே கையசைவால் காட்டிய அன்பைத்தான் வெளியே வாயால் சொன்னோம். அன்பு உள்ளவிடத்து மௌனமும் நன்று, பேச்சும் நன்று. அன்பில்லாவிடத்து இரண்டும் பயனில.

பகவனின் முதுமை

சிற்றின்பங்களைப் பற்றி முதியோர் பேசலாமா என்னும் ஐயத்திற்கும் பகவனின் வாழ்விலேயே விடை கிடைக்கிறது.

சாவத்தியில், மிகாரமாதாவின் மாளிகையில், ஒரு மாலை பகவன் தனிமையிலிருந்து எழுந்து வந்து, மேற்குவெயிலில் முதுகைக் காய்ச்சிக்கொண்டு அமர்ந்திருக்கின்றார். ஆனந்தர் வந்து அவர் அங்கங்களைப் பிடித்துவிட்டுக்கொண்டே, தோலின் பொலிவு குன்றியதையும், உறுப்புகள் தளர்ந்து சுருங்கியதையும், உடல் முன்னோக்கி வளைந்ததையும் கண்டு வியந்து சொல்கின்றார். ஆம், இளமையுள் மூப்பும், உடல்நலத்துள் நோவும், வாழ்வினுள் இறப்பும் அடங்கியே இருக்கின்றன என்று பகவன் விடையளிக்கின்றார். அன்பர்களே, இக்காட்சியை உற்று நோக்குங்கள். மூப்படைந்த ஒருவர் வெயில் காய்கின்றார்; நெடுநாளைய துணைவர் கால் பிடிக்கின்றார்; இருவரும் உடல் தளர்ந்ததைப் பேசுகின்றனர். நம் மரத்தடியில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே. முழங்கால் வலியைப் பற்றிய பேச்சு எங்கே நிலையாமையைப் பற்றிய பேச்சாக மாறுகிறது என்பதை யார் கோடிட்டுக் காட்டக்கூடும்?

பசேனதி மன்னன் கடைசியாகப் பகவனைக் கண்டதைத் தம்மசேதிய சூத்திரம் கூறுகிறது. அம்மன்னன் தன் அன்புக்குக் காரணங்கள் பலவற்றை அடுக்கிவிட்டு, முடிவில் தாம் இருவரும் கோசலத்தார், இருவருக்கும் வயது எண்பது என்று சொல்லிக்கொள்கின்றான். தத்துவம் எல்லாம் சொல்லி முடித்தபின், இருவரும் ஒத்த வயதினர் என்பதில் அவனுக்கு ஓர் ஆறுதல். பகவன் அதைப் பயனில்சொல் என்று கடியவில்லை.

எண்பதாம் வயதில், தம் வாழ்வு முடியும் காலத்தை உணர்ந்த பகவன், வைசாலியில் சாபால சேதியத்தில் அமர்ந்து ஆனந்தரிடம், வைசாலி இனியது, உதேன சேதியம் இனியது, கோதமக சேதியம் இனியது என்று ஒவ்வோர் இடமாகப் பெயர் சொல்லி இனிமை பாராட்டுகின்றார். பிறகு அந்நகரை விட்டு நீங்கும்போது யானையைப்போல் முழுதும் திரும்பி அதை நோக்குகின்றார். வேட்கையை வேரறுத்தவர்க்கு நிழலின் குளிர்ச்சி தெரியாமற் போகவில்லை. இனியதை இனியது என்று சொன்னார். அதைப் பிடித்துவைக்க முயலவில்லை. சுவை வேறு, வேட்கை வேறு. நாக்கு சுவையை அறிவது இயற்கை. நாளையும் அதுவே வேண்டும், இல்லையேல் வாழ்வில்லை என்பதே வேட்கை. ராகிக் களியும் கீரைக் குழம்பும் நன்றாயிருந்தது என்று ஒரு முதியவர் நண்பரிடம் சொல்வதில் பற்று எவ்வளவு, நன்றி எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு நன்றியே மிகுதியாகத் தெரிகிறது.

நமக்கு இதில் தனி உரிமை உண்டு

இன்னொன்றையும் நம்மவர் மறக்கலாகாது. சேர்ந்து உட்கார்ந்து பேசுவதும், ஒரே கடையில் ஒரே விதமான குவளையில் தேநீர் அருந்துவதும், மற்றவருக்குச் சிறிய காரியங்கள். நமக்கு அவை போராடிப் பெற்ற பொருள்கள். 1927 மார்ச் 20ஆம் நாள் மகாத்தில், போதிசத்துவர் டாக்டர் அம்பேத்கர் சவதார் குளத்தில் இறங்கி ஒரு கை நீர் அள்ளிப் பருகினார். ஒரு வாய்த் தண்ணீரைப் போலச் சிறிய இன்பம் உலகில் வேறு உண்டா? அந்தச் சிறிய இன்பத்திற்காக ஆயிரக்கணக்கானோர் அவர்பின் நடந்தனர். அதற்காக அடியும் பட்டனர். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அவர் தம்மத்தைத் தழுவியதற்கு அந்தக் குளக்கரையிலிருந்தே வழி தொடங்கிற்று எனலாம்.

நம் முன்னோர் வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து இந்தத் தங்கவயலுக்கு வந்தவர்கள். மரத்தடி முதியோரில் ஒருவர் சிறுவயதில் தாயாரின் கிராமத்திற்குச் சென்றபோது, கடைக்கு வெளியே நின்று கொட்டாங்கச்சியில் தேநீர் குடித்த கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஊர் திரும்பியதும் தகப்பனார் அவரைக் கடைக்கு அழைத்துச் சென்று, பெஞ்சில் உட்காரவைத்து, கண்ணாடிக் குவளையில் வாங்கிக் கொடுத்தாராம். "அந்தத் தேநீரின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது" என்பார். இது தேநீரைப் பற்றிய பேச்சா, மனிதனைப் பற்றிய பேச்சா? இதைப் பேசாதே என்று தடுத்தால், பேரப்பிள்ளைகளுக்கு இதை யார் சொல்வார்?

1907ஆம் ஆண்டு பண்டித அயோத்திதாசர் ஒரு பைசாத் தமிழனைத் தொடங்கியபோது நம்மில் எழுத்தறிந்தவர் சிலரே. ஒருவர் படிக்கப் பலர் கூடிக் கேட்டுப் பேசுவதே அக்கால வழக்கம். தம்மம் நம் வீடுகளுக்குள் பேச்சின் வழியாகவே வந்தது. கூடிப் பேசும் இடத்தைக் கலைப்பது, தம்மம் வந்த வாயிலை அடைப்பதாகும்.

எல்லை எது?

அப்படியாயின் மரத்தடியில் பேசுவதெல்லாம் நல்வாய்மையா என்று கேட்கலாம். இல்லை. ஒரு தவறைத் திருத்தப் போய் மற்றொரு தவறில் விழுவது மத்திய மார்க்கம் அன்று. அங்கும் குறளை நுழையும். வராதவரின் மருமகளைப் பற்றிய பேச்சு சிரிப்போடு தொடங்கி ஒரு குடும்பத்தைக் கலைத்துவிடும். அங்கும் கடுஞ்சொல் எழும். நம்மை மேலோர் கீழோர் என்று பிரித்தவர்களிடமிருந்து விலகிவந்த நாமே, நமக்குள் இன்ன பிரிவு, இன்ன பிரிவு என்று முணுமுணுப்பதும் உண்டு. இப்போது கைப்பேசியும் வந்திருக்கிறது. எவரோ எழுதிய பொய்யை, மெய்யா என்று விசாரியாமல் பத்து நண்பர்களுக்கு அனுப்புவது, பொய்யையும் பயனில்சொல்லையும் ஒரே விரலால் செய்வதாகும்.

ஆயினும் கைப்பேசியையும் நான் முழுதும் பழிக்கமாட்டேன். அறுவரில் ஒருவர் இப்போது மகளோடு பெங்களூரில் வசிக்கிறார். நாள்தோறும் காலையில் தம் குரலைப் பதிந்து நண்பர்களுக்கு அனுப்புகிறார். "எழுந்துவிட்டேன். தேநீர் குடித்தேன். இங்கே மழை. அங்கே எப்படி?" அதில் செய்தி ஒன்றும் இல்லை என்று வாலிபர்கள் நகைக்கலாம். நான் உயிரோடு இருக்கிறேன். நீ இருக்கிறாயா என்பதே அதன் பொருள். எழுபத்தைந்து வயதில் இதனினும் பெரிய செய்தி யாது?

ஆகவே எனக்கும், என்னைக் கேட்ட வாலிபருக்கும், மரத்தடிப் பெரியவர்களுக்கும் மூன்று சோதனைகளைச் சொல்லிக்கொள்கிறேன். இவை சாலேய்யக சூத்திரத்தின் அளவுகோலை நம் பெஞ்சுக்கு ஏற்பச் சுருக்கியவை.

ஒன்று: இங்கே இல்லாதவர் இப்போது வந்து நின்றால், இதே சொல்லை இதே குரலில் தொடர்வோமா? தொடரமாட்டோம் எனின் அது குறளை.

இரண்டு: இப்பேச்சு முடிந்தபின் நெஞ்சில் எஞ்சுவது என்ன? இலகுவும் நன்றியுமா, அல்லது ஏக்கமும் எரிச்சலுமா? பழைய நாட்களைப் பேசுவது நன்று. அந்த நாள் திரும்பவில்லையே என்று இன்றைய நாளைச் சபிப்பது நன்றன்று.

மூன்று: இப்பேச்சினால் யாரேனும் ஒருவருடைய கதவு தட்டப்படுமா? நோயாளி ஒருவர் விசாரிக்கப்படுவாரா? பகவன், தம்மைப் பேண விரும்புகிறவர் நோயுற்றவரைப் பேணட்டும் என்று பிக்குகளுக்கு உரைத்ததை நினைவிற் கொள்க. ஒரு மணி நேரப் பேச்சில் ஒருவரின் நோவு ஒருவருக்குத் தெரியவந்தால், அந்த ஒரு மணி நேரம் வீண் அன்று.

வாலிபருக்கு விடை

கேள்வி கேட்ட வாலிபரிடம் இதையெல்லாம் பின்னர் சொன்னேன். அவர் நல்லவர், சிந்திப்பவர். "அப்படியானால் ஐயா, தம்மம் பேசாமலே இருந்துவிடலாமா?" என்று மீண்டும் கேட்டார். அதுவும் நியாயமே. முதற்கேள்வியோடு நின்றுவிடுவதும் குறையே. உடலைக் கேட்டபின் உறவையும், உறவைக் கேட்டபின் முயற்சியையும் பகவன் கேட்டார் அல்லவா? ஆனால் மூன்றாம் படியில் நிற்பவர் முதற்படியை இடித்துவிட்டால், பின்வருபவர் எதன்மேல் ஏறுவார்? "நீ காலையில் இரயிலுக்குப் போகுமுன் ஐந்து நிமிடம் அங்கே நில். முதலில் அவர்கள் நலத்தைக் கேள். பின்பு உனக்குத் தெரிந்த தம்மத்தில் ஒன்றைச் சொல்" என்றேன். அவர் இப்போது அவ்வாறே செய்கிறார். வாசிக்கத் தெரியாத இருவருக்கும் தம்மபதம் அவர் வாயால் கிடைக்கிறது.

இடுப்பு முறிந்த பெரியவர் பிழைத்தார். கோலூன்றி வாசல்வரை நடக்கிறார். மரத்தடி அவருக்கு எட்டாது. ஆகவே மரத்தடிப் பேச்சு அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் சபையோர் முன்னிலையில் என் பிழையை ஒப்புக்கொண்டு அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு நானும் அந்த வாசலுக்குச் சென்றேன். பெரியவர் எனக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்து, "வாருங்கள் தம்பி, நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டார். கொள்ளு ரசமும் சோறும் என்றேன். ரசத்தில் பூண்டு தட்டிப் போட்டார்களா என்று மற்றொருவர் விசாரித்தார்.

அன்பர்களே, உங்கள் தெருவிலும் ஒரு பெஞ்சு இருக்கும். ஒரு திண்ணை இருக்கும். அங்கே முதியோர் கூடிப் பேசினால் அதைக் கலைக்காதீர்கள். நேரமிருந்தால் நீங்களும் சற்று அமர்ந்து கேளுங்கள். வழக்கமாக வருபவர் ஒருநாள் வரவில்லை எனின், எழுந்து சென்று அவர் கதவைத் தட்டுங்கள்.

எல்லா உயிர்களும் நலமுற்று வாழ்க. முதியோர் துணையோடு வாழ்க. தம்மம் தழைக்க.